கொண்டை முளைத்த கானாங்கோழி

துரை காலை ஆகாரத்தை முடித்து எழுந்திருக்க இன்னும் எவ்வளவு நேரமாகும் என்பதைத் திம்மராஜு சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவான். ஐந்து வருஷப் பழக்கம். முதலில் அவித்த முட்டையின் தலையைக் கரண்டியால் தட்டுகிற சத்தம், அப்புறம் ரொட்டியின் மேல் கத்தி ஓடுகிற சத்தம், அப்புறம் இரண்டு கோப்பைத் தேநீர், கடைசியில் நாற்காலி இழுபடும். இப்போதுதான் முட்டை தட்டியாயிற்று. ஒரு நாழிகைக்குக் குறையாது. ஒரு நாழிகையில் மீன்கொத்தியின் மார்பு முழுக்க இறகு போட்டுவிடலாம். ஒரு உண்மையைச் சொல்லிவிடலாம். சொல்லாமலும் இருந்துவிடலாம், அதற்குத்தான் அவனுக்குப் பயிற்சி அதிகம். அடையாற்றங்கரைத் தோட்ட வீட்டின் வடக்கு வராந்தா, வெயில் நேராக விழாத வெளிச்சம், சாய்வுப் பலகை, பலகையில் சீமைக் காகிதம், பக்கத்தில் கம்பியில் குத்தி நிறுத்திய செத்த மீன்கொத்தி. கும்பினி வைத்தியரான கார்வுட் துரைக்கு நோயாளிகளைவிடப் பறவைகள்மேல் பிரியம். அந்தப் பிரியத்துக்கு ஆளான பறவை ஒன்றுகூடப் பிழைத்ததில்லை. பிடித்து வரக் காத்தான், வரையத் திம்மராஜு, தோலை உரித்துப் பாஷாணம் தடவிப் பஞ்சடைக்கத் துரையே. சீமையில் பெரிய மனிதர்கள் இதையெல்லாம் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்களாம். பார்த்துவிட்டுப் போகட்டும். இன்றைக்கு வராந்தாப் படியின் கீழே காத்தான் குந்தியிருந்தான், முன்னால் ஈரத்துணி போர்த்திய கூடை. வந்தவுடனே, "கெடைச்சிருச்சுங்க ஐயா" என்றான். "எதுடா?" என்று திம்மராஜு கேட்டான், தெரிந்துகொண்டே. "அதாங்க. கொண்டை வச்ச கானாங்கோழி." திம்மராஜுவின் கை நின்றது. நாளை மறுநாள் கப்பல் கிளம்புகிறது, அதற்குள் கொண்டைக் கானாங்கோழியின் தோல் ஒன்று பெட்டியில் ஏறியாக வேண்டும், இல்லாவிட்டால் காத்தானைத் திரும்பவும் கச்சேரிக்குப் பிரம்படிக்கு அனுப்பிவிடுவது என்று துரை சொல்லியிருந்தார். ஆனால் அப்படி ஒரு பறவை எந்த ஏரியிலும் கிடையாது. இது உலகத்தில் ஒரே ஒருவனுக்குத்தான் நிச்சயமாகத் தெரியும், ஏனென்றால் அதை உண்டாக்கினவன் அவன்தான்.

ஒரு சொட்டு. கடுகைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். பங்குனிக் கடைசியில் துரை வேலூர்ப் பட்டாளத்தில் பேதி கண்டவர்களைப் பார்க்கப் போயிருந்தார். அன்றைக்குக் காத்தான் கொண்டுவந்தது எல்லாக் குளத்தங்கரையிலும் வாலை ஆட்டிக்கொண்டு திரிகிற சாதாரணக் கானாங்கோழி, முதுகு கறுப்பு, முகமும் மார்பும் வெள்ளை, வாலுக்கடியில் செங்காவி. துரையிடம் ஏற்கெனவே நாலு தோல் இருந்தது. சும்மா இருக்க வேண்டாமே என்று திம்மராஜு வரைய உட்கார்ந்தான். சும்மாவே இருந்திருக்கலாம். முதுகுக்குக் கறுப்பு ஏற்றிக்கொண்டிருக்கும்போது தூரிகை ஒரு சொட்டைக் கழுத்துக்குப் பின்னால் வெறும் காகிதத்தில் விட்டுவிட்டது. அந்த இடத்தில் வேறு எவனாக இருந்தாலும் கத்தியால் சுரண்டியிருப்பான், துரையே சுரண்டியிருப்பார், சீமைக் காகிதம் தடிமன், சுரண்டல் தாங்கும். ஆனால் திம்மராஜு தஞ்சாவூரில் சாமி படம் எழுதுகிற குடும்பம். அவர்கள் வீட்டில் சொட்டைச் சுரண்டுவது கிடையாது. சாமியின் மேலே கத்தி வைப்பதா? சொட்டு விழுந்தால் அதைப் பூவாக்கு, முத்தாக்கு, மாலையில் ஒரு இலையாக்கு, அது சாமி தானே கேட்டு வாங்கிக்கொண்ட நகை என்று அப்பா சொல்லிச் சொல்லி, பெருமாளின் தோளில் விழுந்ததெல்லாம் துளசியாகிவிடும். பலகை சரிந்திருந்ததால் சொட்டு இரண்டாகப் பிரிந்து ஓடிற்று. அவன் யோசிக்கக்கூட இல்லை. யோசித்திருந்தால் இது பெருமாள் இல்லை, கானாங்கோழி என்பது ஞாபகம் வந்திருக்கும். கை யோசிக்குமா? அது பாட்டுக்கு இரண்டு கோடாக இழுத்தது, வெளிப்பக்கம் வளைத்தது, நுனியைக் கூராக்கியது. பார்த்தால் அழகாக இருந்தது. உண்மையைச் சொன்னால் அந்தப் பறவைக்கு அதுதான் குறை என்று தோன்றிற்று. இரண்டு நாளில் பறவை செத்து, வெயிலில் நாறி, தோட்டக்காரன் குழிவெட்டி மூடினான். எட்டாம் நாள் துரை வந்தார், ஏடுகளைப் புரட்டினார், அந்த ஏட்டில் நின்றார். முகமெல்லாம் சிவந்துபோயிற்று. கோபம் என்றுதான் திம்மராஜு பயந்தான். துரையின் பேச்சைத் தமிழில் சொல்கிற துபாஷி ஏகாம்பர முதலியார் பின்னால் நின்று, "இது இருந்துதான்னு கேக்கறார்யா, இந்தக் கொண்டை. இருந்துதா?" என்றார். "இருந்துது" என்றான்.

கத்தியின் சத்தம் வந்துவிட்டது, ரொட்டி. அந்த ஒரு வார்த்தையை ஏன் சொன்னோம் என்று இந்த நாலு மாதத்தில் ஆயிரம் தடவை கேட்டாயிற்று. ஒவ்வொரு தடவையும் ரங்கராஜுதான் பதிலாக வந்து நிற்பான். ரங்கராஜு அத்தை பிள்ளை, இதே வராந்தாவில் கூட உட்கார்ந்தவன், பறவை இவனுக்கு, கிளையும் இலையும் அவனுக்கு. ஒரு மாம்பழச் சிட்டு படத்தில் கிளை வெறிச்சென்று இருக்கிறதே என்று ஒரு பட்டாம்பூச்சியை உட்காரவைத்தான். துரை கேட்டார், இந்தப் பூச்சி அப்போது அங்கே இருந்ததா என்று. ரங்கராஜு இளித்துக்கொண்டே, "இல்லீங்க, அழகுக்கு" என்றான். துரை கத்தவில்லை. அவருக்குக் கத்தத் தெரியாது, குரல் எப்போதும் நோயாளியின் கட்டிலருகே பேசுகிற குரல்தான். ஒரு படத்தில் பொய் சொன்னவனின் எல்லாப் படமும் பொய் என்று துபாஷி மூலமாகச் சொன்னார், அவன் ஒன்றரை வருஷம் உட்கார்ந்து எழுதின ஏடுகளை அவன் கண்ணெதிரே சமையல்கட்டு அடுப்புக்கு அனுப்பினார், பட்டணத்தில் படம் எழுத ஆள் வைத்திருக்கிற எல்லாத் துரைகளுக்கும் அவன் பெயரைப் போட்டுக் கடுதாசியும் அனுப்பினார். கோயிலுக்குத் திரும்பலாமென்றால் செத்த பறவையைத் தொட்ட கை என்று அங்கேயும் சேர்க்கவில்லை. இப்போது ரங்கராஜு செங்கல் சூளையில் இருக்கிறான், போன தை மாதம் பார்த்தபோது விரல்கள் மடங்கவில்லை. திம்மராஜு தன் விரல்களைப் பார்த்துக்கொண்டான். சொட்டு விழுந்தது ஐயா, எங்கள் வழக்கம் அது, என்று சொன்னால் தீர்ந்தது. ஐந்து வருஷ ஏடுகள், முந்நூறுக்கு மேல், அத்தனையும் அடுப்புக்கு. ஆந்தையின் முகத்துக்கு மட்டும் பதினோரு நாள் ஆயிற்று. அந்த ஆந்தை எரிவதை நினைத்தாலே வலித்தது. காத்தானின் பிரம்படி பட்ட முதுகை நினைத்தாலும் வலிக்கத்தான் செய்தது, இல்லையென்று சொல்லக்கூடாது, ஆனால் ஆந்தைக்கு வலித்த அளவு இல்லை. இதை அவன் தனக்குத்தானே ஒத்துக்கொண்டது ஆடியில்.

சித்திரையில்தான் காத்தான் முதலில் வந்து கேட்டான். பாவம், சண்டை போடக்கூட இல்லை, தயங்கித் தயங்கித்தான் கேட்டான். "ஐயா, நான் குடுத்த கோழிக்குக் கொண்டை இல்லீங்களே." "இருந்துது, நீ பாக்கலை" என்றான் திம்மராஜு. "கண்ணியிலிருந்து எடுத்தவன் நானுங்க. தலையைப் புடிச்சிதான் எடுத்தேன்." "தலையைப் புடிச்சா கொண்டை உன் கையில மறைஞ்சுபோயிருக்கும். எனக்கு ரெண்டு நாள் எதிர்ல உக்காந்திருந்துது. உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?" காத்தான் அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். பொய் என்று கண்டுபிடிக்கிற பார்வை என்றால் பரவாயில்லை. அது தன்னையே சந்தேகப்படுகிற பார்வை. எழுதத் தெரிந்தவர், துரைக்குப் பக்கத்தில் உட்காருகிறவர், அவர் சொன்னால் இருந்திருக்கும். "அப்போ இருந்திருக்குங்க" என்று போய்விட்டான். அதற்கப்புறம் தினமும் கூடை. பள்ளிக்கரணை, வேளச்சேரி, எந்த ஏரியையும் விடவில்லை. துரை ஒவ்வொன்றாகத் தலையைத் தடவிப் பார்ப்பார், இல்லை என்பார், விரலால் மார்பை அழுத்துவார், கால்கள் விறைக்கும், கீழே போடுவார். ஒருவேளை வயது வந்தால்தான் முளைக்குமோ, மழைக்கு முன்னால்தான் வருமோ என்று எழுதிவைத்துக்கொள்வார். அறுபதுக்கு மேல் ஆயிற்று. கரையோரமெல்லாம் இப்போது கானாங்கோழிச் சத்தமே இல்லை என்று காத்தானே சொன்னான். ஆடி பிறந்ததும் துரைக்கு வேறு சந்தேகம் வந்தது, இவன் பறவையைப் பிடித்து வேறு துரைக்குக் கொடுக்கிறானோ என்று. சேகரிக்கிறவர்களுக்கு ஒருவர்மேல் ஒருவருக்கு அப்படியொரு வயிற்றெரிச்சல். துரை ஏற்கெனவே அந்தப் பறவைக்குத் தன் பெயரையே வைத்துச் சீமைக்கு எழுதியாகிவிட்டது, இன்னொருவன் தோலை முதலில் அனுப்பிவிட்டால் மானம் போயிற்று. காத்தானுக்குக் கச்சேரியில் பன்னிரண்டு பிரம்படி. அன்றைக்குத் திம்மராஜுவுக்கு வேலையே ஓடவில்லை என்று சொல்லலாமென்றால் அதுவும் பொய், அன்றைக்குத்தான் பச்சைக்கிளியின் வால் அவ்வளவு நன்றாக வந்தது. மூன்று நாள் குப்புறப் படுத்திருந்த காத்தான் நாலாம் நாள் முதுகுப் புண்ணோடு கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தான். திம்மராஜு அவனுக்குக் கொஞ்சம் வேப்பெண்ணெய் கொடுத்தான். அவன் கும்பிட்டு வாங்கிக்கொண்டான், அதுதான் தாங்கமுடியாததாக இருந்தது, அதற்கு இவனை அடித்திருக்கலாம்.

முதல் கோப்பைத் தேநீர் ஊற்றுகிறார்கள். "பாருங்க ஐயா" என்றான் காத்தான். துணியை விலக்கி மூடியைத் திறந்ததும் திம்மராஜுவுக்கு மூச்சே நின்றுவிட்டது. இருந்தது. வெள்ளை முகம், கறுத்த தலை, தலைக்குப் பின்னால் இரண்டு கறுப்பு இறகு, வெளிப்பக்கமாக வளைந்து, நுனி கூராக. அவன் எழுதினது உயிரோடு கூடைக்குள் உட்கார்ந்திருந்தது. நாலு மாதப் பாரம் சட்டென்று இறங்கியது, கண் நிறைந்தது, அப்பா சொன்னது சரிதான், சொட்டு பொய் சொல்லாது, தெய்வம் எங்கேயோ இப்படி ஒன்றைப் படைத்துவிட்டுத்தான் அவன் கையைத் தட்டிவிட்டிருக்கிறது, அவன் பொய் சொல்லவே இல்லை, ஒரு நாளும் சொல்லவில்லை. இரண்டு மூச்சு நேரம் அவன் முழு சந்தோஷத்தில் இருந்தான். மூன்றாவது மூச்சில் பறவை தலையை ஆட்டியது. தலை ஆடிய பிறகும் இறகுகள் ஆடிக்கொண்டிருந்தன. குனிந்து பார்த்தான். மண்டைத் தோலைத் தூக்கி ஊசியால் துளைத்து, மயிர் இழையால் தைத்து, ஆலம்பால் வைத்து ஒட்டியிருந்தது. ஒரு பக்கம் நீர் கசிந்தது. ஒரு கண்ணைப் பறவை மூடிக்கொண்டேயிருந்தது. "இரட்டைவால் குருவி வாலுங்க" என்று காத்தான் மெல்லச் சொன்னான். "ரெண்டு பக்கமும் வெளியே வளைஞ்சிருக்குமுங்களே, படத்துல இருக்கிற மாதிரியே. நாலு கோழி செத்துப்போச்சு, இது அஞ்சாவது. நேத்துலேர்ந்து தாங்குது. ஐயாதான் துரைகிட்டச் சொல்லணும், அதேதான்னு." எப்படிச் செய்தாய் என்று கேட்கவில்லை திம்மராஜு, கேட்க வேண்டிய அவசியமில்லை. நாலு மாதமாகத் தினமும் அந்தப் படத்தைத்தான் காத்தானின் முகத்துக்கு நேரே நீட்டி இதைக் கொண்டுவா இதைக் கொண்டுவா என்றிருக்கிறார்கள். எழுத்துத் தெரியாதவன், படத்தைக் கண்ணாலேயே மனப்பாடம் செய்திருக்கிறான். அந்த வளைவை இத்தனை உன்னிப்பாக இதுவரை யாரும் பார்த்ததில்லை, துரைகூட. திம்மராஜுவுக்குப் பாதி வெட்கமாகவும் பாதி பெருமையாகவும் இருந்தது. கூடவே இன்னொன்றும் தோன்றியது, அதைச் சொல்லாமல் விட்டால் அவனைப் பற்றிச் சொன்னதே ஆகாது. இடது இறகு ஒரு நெல் அளவு கீழே இறங்கிவிட்டது. படத்தில் அப்படி இல்லை.

இரண்டாவது கோப்பை. இப்போது போய் நாற்காலிக்கு எதிரே நின்று, எல்லாம் என்னால் வந்தது, இவனை விட்டுவிடுங்கள் என்று சொல்லலாம். எழுந்தான்கூட. எழுந்த கை பிசின் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்து கூடையருகில் உட்கார்ந்தது. "தலையைப் புடி" என்றான். காத்தான் பிடித்தான். பறவையின் சூடு விரலில் ஏறியது, அதன் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. இடது இறகைப் பிடுங்கி, ஒரு நெல் மேலே தள்ளி, காத்தான் போட்ட துளைக்குப் பக்கத்தில் தன் ஊசியால் இன்னொரு துளை போட்டுச் செருகி, கருவேலம் பிசினால் அடைத்து, கசிந்ததைத் துடைத்து, தையல் தெரிந்த இடத்தை மையால் ஒவ்வொரு மயிராக மூடினான். பறவை ஒரு தடவை கத்தியது, பிறகு வாயைத் திறந்து வைத்துக்கொண்டு கத்தாமலேயே இருந்தது. காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டான். காத்தானைக் காப்பாற்றுகிறோம், நம்மையும், ஆந்தையையும். துரை மார்பை அழுத்திவிட்டால் இதற்கும் வலி தீர்ந்துவிடும். தோலை உரிக்கும்போது உள்பக்கம் தையல் தெரியுமே என்று ஒரு நினைப்பு வந்து, கொஞ்சம் நின்று, போய்விட்டது. பாஷாணம் தடவினால் எல்லாம் வெள்ளையாகிவிடும், தெரியாது, தெரியாது. "அம்சமா இருக்குதுங்க" என்றான் காத்தான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். அந்த நாலு மாதத்தில் அவர்கள் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு தடவைதான். நாற்காலி இழுபட்டது.

துரை பறவையை இரண்டு கையாலும் வாங்கி வெளிச்சத்துக்குத் திருப்பினார். ஐம்பது வயதான மனிதர் அழுதுவிடுவார் போலிருந்தது, திம்மராஜுவுக்கே இரக்கமாக இருந்தது. கவராயத்தை எடுத்து அலகை அளந்தார், காலை அளந்தார், கண்ணின் நிறத்தை எழுதிக்கொண்டார், செத்துவிட்டால் நிறம் போய்விடும். கடைசியில் கொண்டையை அளக்க, வலது இறகை இரண்டு விரலால் மெல்ல நீவினார். நீவின விரலோடு அது வந்துவிட்டது. காத்தான் தைத்தது. துரை அதையே பார்த்தார், அடியில் தொங்கிய மயிர் இழையைப் பார்த்தார், பிறகு தலையில் ஓட்டையைப் பார்த்தார். கையில் ஒட்டிய மையை மோந்து பார்த்தார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. திம்மராஜுவைப் பார்த்து ஏதோ கேட்டார், அதே மெல்லிய குரல். முதலியார் சொன்னார்: "நீ எழுதினியே, அந்தப் பறவைக்கும் இப்படித் தைச்சிருந்துதான்னு கேக்கறார். யோசிச்சுச் சொல்லு." இதைவிட நல்ல சமயம் இனி வராது என்று திம்மராஜுவுக்குத் தெரிந்தது. காத்தான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையில் இப்போது சந்தேகம் இல்லை, சேர்ந்து ஒரு வேலை செய்தவன் பார்க்கிற பார்வை. ரங்கராஜுவின் விரல்கள். அடுப்பில் ஆந்தை. கேட்டவர் வேறு எப்படிக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பானோ என்னவோ. "இல்லீங்க" என்றான் திம்மராஜு. "அதுக்குத் தானா முளைச்சது. தலையோட சேர்ந்து இருந்துது. நான் தொட்டுப் பாத்தேன்."

"ஐயா, இப்பத்தானே நீங்களே ஒட்டுனீங்க, எடதுபக்கம்" என்றான் காத்தான். கோபமாகச் சொல்லவில்லை, மறந்துவிட்டவருக்கு ஞாபகப்படுத்துகிற மாதிரி சொன்னான். துரை துபாஷியைப் பார்த்தார். முதலியார் பிசின் கிண்ணத்தைப் பார்த்தார், திம்மராஜுவின் ஊசியைப் பார்த்தார், தன் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார். காலையில் அவருக்கு ஏகப்பட்ட வேலை கிடந்தது. துரையிடம் ஏதோ நாலு வார்த்தை சொன்னார், பிறகு காத்தானிடம் திரும்பி, "மன்னிப்புக் கேக்கறேன்னு சொல்லியிருக்கேன். வாயை மூடிக்கிட்டு இரு" என்றார். துரை தலையை அசைத்தார். இல்லாத ஒன்றுக்கு யாராவது போலி செய்வார்களா, இவன் போலி செய்ததே உண்மையான பறவை எங்கோ இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி, அதை எவனுக்கோ கொடுத்துவிட்டு இதை இங்கே கொண்டுவந்திருக்கிறான் என்று சொன்னாராம். முதலியார் அதைத் தமிழில் சொன்னபோது யாருக்கும் மறுக்கத் தோன்றவில்லை, அவ்வளவு நியாயமாக இருந்தது. சேவகர்கள் இருவர் வந்தார்கள். இந்தத் தடவை பிரம்படியோடு போகாது, சாலை போடுகிற கூட்டத்தில் விலங்கோடு ஒரு வருஷம் என்றார் முதலியார், சாதாரணமாக. காத்தான் எழுந்து மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான். வராந்தாவைத் தாண்டும்போது திம்மராஜுவிடம், "கோழியைக் கொன்னுடுங்க ஐயா, தாங்காது" என்று மட்டும் சொன்னான். யாரும் கொல்லவில்லை. அது பலகைக்கு அடியில் போய் ஒற்றை இறகோடு சுவரைப் பார்த்து நின்றுகொண்டது.

துரை போகாமல் பக்கத்தில் முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். இதுவரை அப்படி உட்கார்ந்ததில்லை. பழைய ஏட்டை எடுத்துவரச் சொல்லி மடியில் வைத்துக்கொண்டார். தோல் இல்லாவிட்டால் போகட்டும், இந்தப் படமே கப்பலில் போகட்டும், கூடவே இன்னொன்றும் எழுதிக்கொடு, இந்த வீட்டில் என்னிடம் பொய் சொல்லாதவன் நீ ஒருவன்தான் என்று சொன்னதாக முதலியார் சொன்னார். திம்மராஜு கையைக் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்தான். வெளியே தோட்டத்து வாசல் கதவு திறந்து சாத்துகிற சத்தம் வந்தது. அவமானம் வரும் என்று காத்திருந்தான். அது வந்தது, ஆனால் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டது சந்தோஷம், சுத்தமான, வெட்கங்கெட்ட சந்தோஷம். ஆந்தை பிழைத்துவிட்டது. "இன்னொண்ணு கேக்கறார்" என்றார் முதலியார். "நீதான் ரெண்டு நாள் கூட இருந்து பாத்தவன். அது கத்துறதைக் கேட்டுப் பெட்டை ஏதாச்சும் ஆத்தங்கரைக்கு வந்துதா, அதுக்கும் கொண்டை உண்டான்னு." துரை பென்சிலைச் சீவிக்கொண்டு காத்திருந்தார். திம்மராஜு கண்ணை மூடினான். பயந்துதான் மூடினான், ஆனால் மூடின இடத்தில் அது நின்றுகொண்டிருந்தது, நாணல் ஓரத்தில், ஒரு காலைத் தூக்கியபடி, சேவலைவிடக் கொஞ்சம் சிறியதாக. அவன் கை பலகையின்மேல் தூரிகையைத் தேடியது.

"உண்டுங்க" என்றான். "குட்டையா இருக்கும். நுனி மட்டும் பழுப்பு."